வேப்பிலை கட்டிய நாட்கள்

தலைக்கு மேலே போன எடைக் கம்பி அங்கே நிற்கவில்லை. பின்பக்கமாகச் சாய்ந்தது. கையை விட்டுவிட்டு முன்னால் தாவினேன். நூற்று ஐந்து கிலோவும் என் முதுகை உரசாத குறையாக விழுந்து, தரையில் கிடந்த பலகையைப் பிளந்தது. இரண்டு வருடமாக நான் சர்வசாதாரணமாகத் தூக்கிக்கொண்டிருந்த எடை அது.

எழுபதுகளின் கடைசியில் ஒரு பங்குனி மாதம். போடியில் அரிசி மில்லுக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகையைப் போட்டு, அதை ஜிம் என்று சொல்லிக்கொண்டு திரிந்தோம். மாஸ்டர் என்று யாரும் கிடையாது. ஏழெட்டுப் பேர் சேர்ந்து பழைய கம்பி ஒன்று வாங்கி, லேத்துப் பட்டறையில் தட்டுகள் கடைந்து, ஒருத்தனைப் பார்த்து ஒருத்தன் கற்றுக்கொண்டோம். அதில் என்னோடு படித்த கூட்டாளி ஒருவன் நிதானமான ஆள். மூன்று நாள் கடுமையாகத் தூக்கினால் நாலாவது நாள் கொட்டகைப் பக்கமே வர மாட்டான். அவனை நான் புது மாப்பிள்ளை என்று கிண்டல் செய்வேன். அன்றைக்கு அவன்தான் பிளந்த பலகையை எடுத்து ஓரமாகப் போட்டான்.

"மாப்ளே, ஒன் ஒடம்புல ஒண்ணும் மிச்சம் இல்ல. ஒரு வாரம் கம்பியத் தொடாத. நல்லாத் தின்னு, நல்லாப் படு."

"இன்னும் ரெண்டு வாரங்கூட இல்ல. இப்பப் போயி படுக்கச் சொல்றியா? ஒன் சோலியப் பாரு," என்றேன்.

அடுத்த வாரம் சனிக்கிழமை மதுரையில் தேர்வு. விளையாட்டுக்காரர்களுக்கென்று ஒதுக்கிய அரசாங்க வேலை. என் எடைப் பிரிவான அறுபது கிலோவில் ஒரே ஓர் இடம். வருகிற ஆனியோடு எனக்கு வயது வரம்பு தாண்டிவிடும். இது போனால் காலம் முழுக்க அப்பாவின் தோட்டமும் ஏலக்காய்க் கடை மூட்டையும்தான். அதில் கேவலம் ஒன்றும் இல்லை. ஆனால் எனக்கு வேண்டாம். கல்யாணமாகி ஒன்றரை வருடம் ஆகியும், மனைவிக்கு ஒரு சேலை எடுக்கக்கூட அப்பாவின் முகத்தைப் பார்த்து நிற்பது எனக்குக் கசந்தது.

தேர்வில் இரண்டு வகைத் தூக்கு. ஸ்னாட்ச் என்பது தரையிலிருந்து ஒரே இழுப்பில் தலைக்கு மேல் போவது. ஜெர்க் என்பது முதலில் தோளுக்கு, அங்கிருந்து தலைக்கு மேல். இரண்டையும் கூட்டித்தான் யார் முந்தி என்று பார்ப்பார்கள். ஜெர்க்கில் நான் நூற்றுப் பத்தில் மாட்டிக்கொண்டு ஒரு வருடம் ஓடிவிட்டது. மேலே போக மாட்டேன் என்கிறது. எனக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றுதான்: இன்னும் தூக்குவது. விடிவதற்கு முன் தோட்டத்தில் தண்ணீர் பாய்ச்சுவேன், பகலில் ஏலக்காய்க் கடையில் மூட்டை, சாயங்காலம் கொட்டகை. ஞாயிற்றுக்கிழமையும் விடுவதில்லை. சோறு இறங்கவில்லை. தூக்கம் வரவில்லை. செம்பைத் தூக்கித் தண்ணீர் குடித்தால் கை நடுங்கியது. மனைவி என்ன கேட்டாலும் எரிந்து விழுந்தேன். உடம்பு கெஞ்சுகிறது என்று எனக்கு உறைக்கவே இல்லை. வைராக்கியம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

கூட்டாளி சொன்னபடி படுக்க நினைத்தாலும் எங்கள் வீட்டில் நடக்காது. ராசிங்காபுரம் போகிற பாதையில் எங்களுக்குக் கிணற்றுத் தோட்டம். கடலையும் மக்காச்சோளமும் போடுவோம். அப்பா காய்ச்சலோடு மடை திருப்பியவர். பகலில் ஓர் ஆம்பளை பாயில் கிடப்பதைப் பார்த்தால் அவருக்கு உடம்பெல்லாம் எரியும். "இந்தக் கம்பியில காட்டுற வலுவ வரப்புல காட்டுனா வீடாவது வெளங்கும்" என்பது அவர் தினமும் என்னிடம் பேசுகிற பேச்சு. அதனால் கடைக்கு விடுமுறை வருகிற நாளில் நான் முன்னைவிட அதிகமாக வேலை செய்வேன். எங்கள் வீட்டில் ஓய்வு என்பது, வேறொரு வேலை செய்வது.

மறுநாள் செவ்வாய்க்கிழமை. எழுந்திருக்கும்போதே காய்ச்சல் அடித்தது. கழுத்திலும் மார்பிலும் முதுகிலும் சிவப்புச் சிவப்பாக முத்து. அம்மா என் பனியனைத் தூக்கிப் பார்த்தாள். ஒரு நிமிஷம்தான் பார்த்திருப்பாள். கையெடுத்துக் கும்பிட்டாள்.

"ஆத்தா வந்திருக்காப்பு. பேசாம உள்ள வந்து படு."

நான் வாயைத் திறப்பதற்குள் வாசல் நிலையில் வேப்பிலைக் கொத்து தொங்கியது. உள்ளறையில் வெள்ளை வேட்டி விரித்து, அதன்மேல் வேப்பங்கொழுந்து பரப்பியிருந்தாள். கடைக்கு ஆள் போய்விட்டது. தெருவுக்குச் சேதி போய்விட்டது. அம்மை போட்ட வீடு என்றால் எங்கள் பக்கத்தில் அப்புறம் பேச்சே இல்லை. வெளியாள் உள்ளே வர மாட்டான். உள்ளே படுத்திருப்பவன் வாசல் தாண்ட முடியாது. வீட்டில் தாளிக்கக்கூடக் கூடாது. கறி, முட்டை, மீன் எதற்கும் இடமில்லை. முத்து இறங்கி, மூன்று தண்ணீர் தலைக்கு ஊற்றி முடித்த பிறகுதான் ஆள் வெளியே வரலாம்.

எனக்கு இடி விழுந்த மாதிரி இருந்தது. தினமும் ஆறு முட்டை தின்கிறவனுக்கு கேப்பைக் கூழும் மோரும் இளநீரும். வேப்பிலை மேல் மல்லாக்கப் படுத்துக்கொண்டு என் தொடையை நானே பிடித்துப் பிடித்துப் பார்த்தேன். இளைக்கிறதா? நேற்று இருந்த கெட்டி இருக்கிறதா? தூக்கி வளர்த்த உடம்பு ஒவ்வொரு மணிக்கும் ஒழுகிப் போவதாகத் தோன்றியது. விடியற்காலையில் தெருமுனையில் ஜீப்பு வந்து நிற்கும். மலைக்கு, ஏலத்தோட்டத்துக் களையெடுப்புக்குப் போகிற பெண்கள் தூக்குச்சட்டி குலுங்க ஏறுவார்கள். ஜீப்பு போடிமெட்டு ரோட்டில் உறுமிக்கொண்டு போகிற சத்தத்தைக் கேட்டால் எழுந்து உட்கார்ந்துவிடுவேன். ஊரே வேலைக்குப் போகிறது. மதுரைத் தேர்வுக்கு வரப்போகிறவர்கள் எல்லாரும் இந்நேரம் எங்கெங்கோ தூக்கிக்கொண்டிருப்பார்கள். நான் ஒருத்தன் கிடக்கிறேன்.

அப்பாவைப் பார்க்கத்தான் வேடிக்கை. செருப்பைத் தெருவிலேயே கழற்றிவிட்டுப் பூனை மாதிரி வருவார். நிலைப்படிக்கு அந்தப் பக்கம் நின்று, "தாகமா இருக்காப்பு? எளநீ சீவட்டுமா?" என்று கேட்பார். என்னை அல்ல, எனக்குள் வந்திருக்கும் மாரியாத்தாளைக் கேட்கிறார் என்று தெரியும். ஆனாலும் பிறந்ததிலிருந்து அவர் என்னிடம் அப்படிப் பேசியதில்லை. சிரிப்பை அடக்கிக்கொண்டு, சீவச் சொன்னேன்.

மூன்றாம் நாள் காய்ச்சல் விட்டுவிட்டது. என் மனைவி என் தாய்மாமன் மகள். தம்பி தங்கை நாலு பேருக்கும் அம்மை பார்த்து வளர்ந்தவள். வேப்பங்கொத்தால் முதுகைத் தடவிக்கொண்டிருந்தவள் தடவுவதை நிறுத்தினாள்.

"மாமா, அம்மைன்னா இந்நேரம் முத்துல நீர் கோத்திருக்கும். இதுல கோக்கவே இல்ல. வெறும் வேர்க்குருதான்."

நான் விசுக்கென்று எழுந்து உட்கார்ந்தேன். "அப்ப அம்மாகிட்ட சொல்லு. அவுக்கச் சொல்லு வேப்பிலைய. இன்னைக்குச் சாயங்காலமே கொட்டகைக்குப் போறேன்."

அவள் எழுந்து போய்க் கதவை ஒருக்களித்துச் சாத்தினாள். குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"நேத்து ராத்திரி எப்பத் தூங்குனீகன்னு தெரியுமா? வெளக்கு வைக்கறதுக்கு முன்னால. காலையில நான் வாசத் தெளிச்சு முடிச்ச பெறகும் தூக்கம். இந்த ரெண்டு மாசமா நீங்க தூங்கி நான் பாக்கல. ஒங்க கூட நான் படுக்கல, ஒரு கம்பிகூடப் படுத்தேன். பேசாம கெடங்க. நான் ஒண்ணும் சொல்லப் போறதில்ல."

"பைத்தியமா ஒனக்கு? வேல போயிரும்டி."

"கைய நீட்டுங்க," என்றாள். நீட்டினேன். நடுக்கம் இல்லை. அவள் கூழ்ச்சட்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

அவளிடம் ஒரு முட்டை மட்டும் மறைத்து அவித்துத் தரச் சொல்லிக் கெஞ்சினேன். முடியாது என்றாள். அம்மை இல்லை என்று உனக்கே தெரியுமே என்றேன். "இல்லன்னு தெரியும். ஆனா வேப்பில கட்டியாச்சே" என்றாள். எனக்கும்தான் நாக்கு துறுதுறுத்ததே தவிர, கட்டிய வேப்பிலையைத் தாண்டி முட்டை தின்கிற தைரியம் உண்மையில் இல்லை.

அதற்கடுத்த நாட்கள் விசித்திரமானவை. தூங்கினேன். எழுந்து கூழைக் குடித்தேன். மறுபடி தூங்கினேன். முதுகில் எப்போதும் இருக்கும் ஒரு வலி எப்போது போனது என்றே தெரியவில்லை. ஆனால் பயம் போகவில்லை. விழித்திருக்கிற நேரமெல்லாம் மனசுக்குள் கம்பியைத் தூக்கிக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு தடவையும் அது பின்னால் போய் விழுந்தது.

அடுத்த செவ்வாய் முதல் தண்ணீர் ஊற்றினார்கள். மஞ்சளும் வேப்பிலையும் போட்டு வெயிலில் காய்ந்த தண்ணீர். அப்போதுதான் அம்மா சொன்னாள், ரெண்டாவது தண்ணீர் வெள்ளிக்கிழமை, மூணாவது ஞாயிற்றுக்கிழமை என்று. தேர்வு சனிக்கிழமை.

கத்திவிட்டேன். ஈரத் தலையோடு நின்று அந்த வீடு அதிரக் கத்தினேன். அப்பாதான் நடுவில் வந்தார்.

"ஆத்தா விசயத்துல அவசரம் ஆகாது. மூணு தண்ணி ஊத்தாம வாசப்படி தாண்டுனா தெருவுல யாருக்காச்சும் ஒண்ணு ஆயிப்போனா யாரு பதில் சொல்றது? ஒரு வேல போனாப் போகுது."

ஒரு வேலை போனால் போகிறது. அந்த வார்த்தைக்காக அவரை நான் வெகுநாள் மன்னிக்கவில்லை. மனைவி எனக்குப் பின்னால் நின்றாள். இப்போது உண்மையைச் சொன்னால் என்ன ஆகும் என்று இரண்டு பேருக்கும் தெரியும். ஊரை ஏமாற்றி ஆத்தா பேரால் படுத்துக் கிடந்தான் என்றாகும். சொல்லாவிட்டால் சனிக்கிழமை போகும். எந்தப் பக்கம் போனாலும் முட்டுச்சந்து. அன்று இரண்டு பேரும் சாப்பிடவில்லை.

புதன்கிழமை காலையில் அம்மா குளித்து, ஈரச் சேலையோடு மாரியம்மன் கோயிலுக்குப் போனாள். ஒரு பொட்டலத்தில் வெள்ளைப் பூ, ஒரு பொட்டலத்தில் சிவப்புப் பூ என்று இலையில் மடித்துச் சாமி முன்னால் போட்டு, ஒரு சின்னப் பிள்ளையை விட்டு எடுக்கச் சொல்வது எங்கள் வழக்கம். வெள்ளை வந்தால் ஆத்தா சம்மதம். சிவப்பு வந்தால் இல்லை. அவள் திரும்பி வருகிறவரை நான் உள்ளறையில் நடந்துகொண்டே இருந்தேன். வேப்பிலை காலில் நசுங்கிக் கசப்பு வாசம் மூக்கில் ஏறியது.

வந்தாள். அப்பாவைப் பார்த்துத்தான் சொன்னாள்.

"பூக் கேட்டேன். வெள்ள வந்திருச்சு. வெரசா முடிச்சு அனுப்பச் சொல்லிட்டா ஆத்தா. நாளைக்கு ஒரு தண்ணி, நாளான்னைக்கு ஒரு தண்ணி."

அப்பா கன்னத்தில் போட்டுக்கொண்டார். வெள்ளிக்கிழமை மூன்றாம் தண்ணீர் தலையில் விழுந்தபோது எனக்குக் குளிர் எடுத்தது. அன்று சாயங்காலமே கூட்டாளியோடு மதுரை பஸ்சில் ஏறினேன். பத்து நாளாக இரும்பைத் தொடாத கை. பஸ்சில் முன்சீட்டுக் கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டே போனேன்.

காலையில் எடை பார்த்தார்கள். ஐம்பத்தேழரை. இரண்டு கிலோவுக்கு மேல் போயிருந்தது. எனக்கு அழுகை முட்டியது. மற்றவர்கள் எல்லாம் அறுபதைத் தொட்டுக்கொண்டு கட்டுமஸ்தாக நின்றார்கள். அதிலும் திண்டுக்கல்காரன் ஒருவன் கழுத்தே இல்லாமல் இருந்தான். "கூழ் குடிச்ச ஒடம்பு மாப்ளே, முடிஞ்சுது" என்றேன். கூட்டாளி, "வாய மூடிட்டுப் போயித் தூக்கு" என்றான்.

ஸ்னாட்சில் நான் எண்பத்திரண்டரை. திண்டுக்கல்காரன் எண்பத்தைந்து. ஜெர்க்கில் அவன் நூற்றுப் பத்தில் நின்றுவிட்டான். எனக்குக் கடைசி முறை ஒன்று மிச்சம். நூற்றுப் பன்னிரண்டரை போடச் சொன்னான் கூட்டாளி. வாழ்நாளில் நான் தூக்காத எடை. கம்பிக்கு முன்னால் போய் நின்றேன். குனிந்து பிடித்தேன். இழுத்தேன். தோளுக்கு வந்த வேகம் எனக்கே புரியவில்லை. கனமாக இருந்தது, ஆனால் என்னுடைய கனமாக இருந்தது. முழங்காலை மடித்து உதைத்தேன். மேலே போயிற்று. பின்னால் போகுமென்று காத்திருந்தேன். போகவில்லை. நடுவர் கையை இறக்கிய பிறகும் நான் கம்பியைப் போடவில்லை. "போடுடா" என்று கூட்டாளி கத்திய பிறகுதான் போட்டேன்.

இரண்டு பேருக்கும் கூட்டினால் நூற்றுத் தொண்ணூற்றைந்து. சமம். அந்த விளையாட்டில் அப்போது ஒரு விதி உண்டு. எடை சமமாகத் தூக்கினால், எவன் உடம்பு எடை குறைவோ அவன் முந்தி. கேப்பைக் கூழும் மோரும் குடித்துக் கிடந்தவனுக்கு இடம் கிடைத்தது. திண்டுக்கல்காரன் என் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டு, "என்ன சாப்பாடுண்ணே?" என்று கேட்டான்.

எண்பதுகள் முழுக்க நான் தூக்கினேன். வேலையிலும் இருந்தேன், போட்டிகளுக்கும் போனேன். ஐந்து வாரம் வெறி பிடித்தவன் மாதிரி தூக்குவேன். ஆறாவது வாரம் கம்பியைத் தொட மாட்டேன். உடன் தூக்கியவர்கள் பலர் முப்பது வயதுக்குள் முதுகையும் முட்டியையும் கொடுத்துவிட்டு ஒதுங்கினார்கள். நான் ஒதுங்கவில்லை. கூட்டாளி அந்த ஆறாவது வாரத்துக்கு வேப்பிலை வாரம் என்று பெயர் வைத்தான். பயம் மட்டும் கடைசிவரை போகவில்லை. அந்த வாரம் வந்தால் தொடையைப் பிடித்துப் பிடித்துப் பார்ப்பேன்.

வேலைக்கான உத்தரவு அந்த வருடமே ஆடி மாதம் வந்தது. திங்கட்கிழமை வேலையில் சேர வேண்டும். அதற்கு முந்தின நாள் கோயில் திருவிழா. அம்மா தீச்சட்டி எடுக்கிறேன் என்றாள். மகனுக்கு அம்மை இறங்கி வேலையும் கிடைத்ததற்கு நேர்த்திக்கடன் என்று தெருவே பேசியது. கொட்டகுடி ஆற்றங்கரையிலிருந்து, கங்கு நிறைந்த சட்டியை வெறுங்கையில் வேப்பிலை வைத்து ஏந்திக்கொண்டு நடந்தாள். சுத்தமான மனசோடு எடுத்தால் தீச்சட்டி சுடாது என்பது எங்கள் ஊர் நம்பிக்கை. கூட வந்த எத்தனையோ பெண்களுக்குச் சுடவில்லை. கோயிலில் சட்டியை இறக்கியபோது அம்மாவின் இரண்டு உள்ளங்கையும் கொப்புளமாக இருந்தது. பக்கத்தில் நின்ற பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். குறை இருக்கிறது என்று ஒருத்தி சொன்னது என் காதில் விழுந்தது. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அவளை அங்கேயே நாலு வார்த்தை கேட்டிருப்பேன். அம்மா என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்துவிட்டாள்.

வீட்டில் அவள் கைக்குத் தேங்காயெண்ணெய் தடவினேன். அப்பா தோட்டத்துக்குப் போயிருந்தார். மனைவி அடுப்படியில் இருந்தாள்.

"அவ கெடக்கா. நீ ஒண்ணும் மனசுல வச்சுக்காத," என்றேன்.

"அவ சொன்னது சரிதான். கொற இருக்கு," என்றாள் அம்மா. "வேர்க்குருவுக்கும் அம்மைக்கும் எனக்கு வித்தியாசம் தெரியாதாப்பு?"

தடவிக்கொண்டிருந்த கை நின்றுவிட்டது.

"சோத்த அள்ளும்போது ஒன் கை நடுங்குச்சு. உழுகுற மாட்டக்கூட ஒரு நாள் அவுத்து விடுறோம். நான் சொன்னா நீ கேப்பியா? இல்ல ஒங்கப்பாதான் விடுவாரா? ஆத்தா பேரச் சொன்னாத்தான் இந்த வீட்டுல ஒரு ஆம்பள பகல்ல பாயில கெடக்க முடியும். சொன்னேன். தேர்வு தேதிய யோசிக்காமச் சொல்லிட்டேன். அதான் பூக் கேக்கப் போனேன்."

"பூ வெள்ளதான வந்துச்சு?"

"ரெண்டு பொட்டணத்துலயும் வெள்ளதான் வச்சேன்."

அவளைப் பார்த்தேன். வெள்ளிக்கிழமை தவறாமல் அந்தக் கோயில் வாசலைக் கூட்டித் தெளிக்கிறவள். ஆத்தாள் முன்னால் நின்று உரக்கத் தும்மக்கூடப் பயப்படுகிறவள்.

"அப்பறம் ஏம்மா தீச்சட்டி எடுத்த?"

"சுடும்னு தெரிஞ்சுதான் எடுத்தேன். பொய்யா மடிச்ச கையாச்சே. சுட்டுக்கிறட்டும்னு எடுத்தேன். நீ அங்கிட்டு நிம்மதியா வேல பாரு. ஆத்தாகிட்ட நான் பேசிக்கிறேன்."

எனக்கு அழுகை வந்தது. அடக்கவில்லை, அழுதேன். அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்த மனைவி மறுபடி உள்ளே போய்விட்டாள். அம்மா கொப்புளக் கையைத் தூக்கிப் புறங்கையால் என் கன்னத்தைத் துடைத்தாள்.

"விடிஞ்சா மொத பஸ்சப் பிடிக்கணும். போயி படு."

வெளியே இன்னும் வெயில் இருந்தது. தோட்டத்திலிருந்து அப்பா வருகிற நேரம். எழுந்து போய்ப் படுத்தேன்.